இரண்டாயிரம் மணி நேர விளக்கு

புரொஜெக்டர் எத்தனை வருடம் உழைக்கும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தூசி அண்டாமல், சூடு வெளியேற வழிவிட்டு வைத்திருந்தால் இயந்திரம் பதினைந்து வருடம் தாங்கும், சார். சாவது விளக்குதான். பாலகொல்லுவில் எங்கள் தியேட்டரின் செனான் விளக்குக்கு ஆயுள் இரண்டாயிரம் மணி நேரம். அதற்குமேல் ஓட்டினால் கண்ணாடி நொய்ந்துபோகும். உள்ளே அழுத்தி அடைத்த வாயு. சூடாக இருக்கும்போது வெடித்தால் சில்லுகள் நாலாபுறமும் பாயும். அடிக்கடி அணைத்து ஏற்றினால் ஆயுள் குறையும். விரல் பட்டாலும் குறையும். தோலின் எண்ணெய்ப் பசை கண்ணாடியில் எரிந்து படிந்து, அந்த இடம் பலவீனமாகிவிடும்.

நான் இயற்பியல் பட்டதாரி. இதையெல்லாம் சத்திபாபுவுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவன் என் மனைவி ஹைமாவின் தம்பி; அக்கா புருஷன் என்று என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவான். ஆறு வருடம் என்னுடன் ஆபரேட்டராக இருந்தான்.

சங்கராந்திக்குப் பெரிய படம் வந்தது. காலை எட்டு மணிக் காட்சி. பழைய விளக்கு, வெளிச்சம் துடித்துக்கொண்டே இருந்தது. கையால் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். அது எனக்கு மட்டும்தான் கைவந்திருந்தது. கீழே ரசிகர்கள் காகிதம் கிழித்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்நேரம் பக்கத்து வீட்டு மங்காயம்மா சத்திபாபுவின் கைபேசிக்கு அழைத்தாள். ஹைமாவுக்கு அப்போது ஏழாம் மாதம். தலை பிளக்கிறது, கண் மங்குகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். அவன் அதை என்னிடம் இடைவேளையில்தான் சொன்னான். நாங்கள் வீடு சேர்ந்தபோது வலிப்பு வந்து எல்லாம் முடிந்திருந்தது.

கருமாதியன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"மாசமா இருக்கிறவளுக்குத் தலைவலி வர்றதுதானேன்னு நெனச்சுட்டேன் பாவா. ஹீரோ வர்ற நேரத்துல திரை இருண்டா நம்மள உயிரோட விடுவானுங்களா?"

"விடுடா" என்றேன்.

பிப்ரவரியில் வேறு விளக்கு போட்டோம். செப்டம்பர் கடைசியில் அதுவும் இரண்டாயிரத்தைத் தொட்டது. முதலாளி அடுத்த விளக்கை வாங்கி அனுப்பினார். மாற்றிவிட்டேன் என்று சொல்லி, மணி காட்டும் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். புதியது பீரோவின் கீழ்த்தட்டில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

தசராவுக்கு எங்கள் பக்கம் எல்லா இயந்திரத்துக்கும் மஞ்சள் குங்குமம் வைப்போம். சத்திபாபு எதையும் விடமாட்டான்; டிக்கெட் கிழிக்கும் மேசைக்குக்கூட வைப்பான். ஒவ்வொரு வருடமும் விளக்கிடம் வந்ததும் அவன் கையைத் தட்டிவிடுவேன். இந்த முறையும் கேட்டான்.

"எல்லாத்துக்கும் பொட்டு, இதுக்கு மட்டும் என்ன பாவம் பாவா? மூளியாவே நிக்கணுமா?"

"புது வெளக்குடா, தாங்கும். வை."

அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நடுவிரலால் அழுத்தி, பெரிதாக வைத்தான்.

விளக்கைத் தொடும்போது போடும் முகக் கவசத்தின் வார் அறுந்திருந்தது. தைக்கலாம் என்று முந்தின நாளே வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தேன். வாரை அறுத்ததும் நான்தான்.

மதியக் காட்சியில் நாற்பதாவது நிமிடம் வெளிச்சம் குதித்தது. நான் அணைத்தேன். கீழே விசில், கூச்சல்.

"வெளக்குப் பெட்டியத் திறந்து என்னன்னு பாருடா."

"ஆறட்டும் பாவா. பத்து நிமிஷம்னு நீதானே சொல்லுவ?"

"புதுசுக்கு ஒண்ணும் ஆகாது. ஜனங்க கத்துறாங்க, சீக்கிரம்."

நான் இரும்பு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். பெட்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மற்றது. கண்கள் இரண்டும் போயின. கழுத்தில் பாய்ந்த சில்லுதான் உயிரை எடுத்தது என்று டாக்டர் சொன்னார். பீமவரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்தது. என் மடியில்தான் கிடந்தான்.

கொலைதான், சார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடப் பிறந்தவளின் உயிரைவிட ஒரு காட்சி பெரிதாகப் போனது அவனுக்கு. அதை என்னால் தாங்க முடியவில்லை.

என் கைபேசிப் பதிவையும் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். சங்கராந்தியன்று எட்டே முக்காலுக்கு ஹைமா எனக்கு மூன்று முறை அழைத்தது அதில் இருக்கும். ஆமாம், பார்த்தேன். இடைவேளைக்குக் கொஞ்ச நேரம்தானே என்று சட்டைப்பையில் போட்டேன். ஆனால் தலைவலி என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே, சார். அவனிடம்தானே சொன்னார்கள்.