ஒரே மேசையில் ஒரு சிப்

அமராவதி: மூணு மாசத்துக்கு முன்னால, இதே மேசையில நான் என்ன கேட்டேன்? “சார், எடையை உணர்ற உங்க அனலாக் பகுதியை, கணக்குப் போடுற என் டிஜிட்டல் பகுதியோட ஒட்டியா வரையச் சொல்றீங்க?”ன்னு. நீங்க என்ன சொன்னீங்க?

உமாபதி: “ஒண்ணும் ஆகாது லா”ன்னேன்.

அமராவதி: ஆயிடுச்சே. தோட்டத்துல நம்ம சிப் போட்ட தராசுல ரப்பர் பால் வாளியை வெச்சா, கடைசி எண் நிக்காம ஆடுதாம்.

உமாபதி: கொஞ்சமாத்தானே...

அமராவதி: ஆடாம? உங்க பகுதி ஒரு சொட்டுப் பாலைக் கூட காது குடுத்துக் கேக்கணும். பக்கத்துலயே என் பகுதி, விடியக்காலையில தோட்டத்து ஆளுங்களைப் பெரட்டுக்குக் கூப்பிடத் தகரம் தட்டுற மண்டோர் மாதிரி நொடிக்கு லட்சம் தடவை அடிச்சா?

உமாபதி: எங்க காலேஜ்ல யாரும் இவ்வளவு அழகா சொல்லித் தரல, அமரா.

அமராவதி: ஐஸ் வைக்காதீங்க. அஞ்சு மணிக்குள்ள மேனேஜர் காரணம் எழுதிக் கேட்டிருக்காரு. என்ன எழுத?

உமாபதி: இடம் பத்தலன்னு எழுதேன்.

அமராவதி: வரைபடத்துல இந்தக் காலி மூலையைப் பாருங்க. கோழியே வளர்க்கலாம். நிஜக் காரணத்தைச் சொல்லுங்க, சார்.

உமாபதி: தள்ளி வெச்சிருந்தா நீ உன் ரூம்ல வரைவே, நான் என் ரூம்ல வரைவேன். ஒட்டி வெச்சா... ஒரே தாள். ஒரே மேசை.

அமராவதி: இதை அப்படியே எழுதட்டுமா?

உமாபதி: நல்லாருக்கும். நாளைக்கே என்னைப் பினாங்குக்கு மாத்திடுவாங்க.

அமராவதி: தப்புன்னு எனக்கு முதல் நாளே தெரியும்.

உமாபதி: அப்புறம் ஏன் ஒரே தடவை கேட்டுட்டு விட்டே? ஒரு கோடு கோணலா இருந்தாலே ஒன்பது தடவை கேப்பியே.

அமராவதி: ஒன்பது தடவை கேட்டா நீங்க மாத்திடுவீங்களே.

உமாபதி: ...அமரா.

அமராவதி: குறுக்கப் பேசாதீங்க, எழுதிக்கிட்டு இருக்கேன். “இடம் தேர்ந்ததில் பிழை. பொறுப்பு: உமாபதி, அமராவதி.” இந்தாங்க, கையெழுத்து.

உமாபதி: உன் பேரு எதுக்கு? பினாங்குக்குப் போனா நான் மட்டும் போயிட்டுப் போறேன்.

அமராவதி: மூணு மாசம் ஒரே மேசையில உக்காந்தும் உங்களுக்கு வாய் வரல. இனி நான்தான் கேக்கணும். ஞாயித்துக்கிழமை உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு ஈஜோக்குல எங்க வீட்டுக்கு வாங்க. எங்கப்பாகிட்டப் பொண்ணு கேளுங்க.