கணக்கில் இல்லாத மலை

— டம்ளரைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க தம்பி. பாருங்க, முப்பது வருஷமா பூமியைத் துளை போட்ட கை. இப்ப ஒரு வாய் தண்ணிக்கு ஆள் தேடுது.

— மாமா, டாக்டர்கிட்ட பேசிட்டு உங்க மக வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடணும். அதாவது... தப்பு என்னோடது.

— வேலை இடத்துல மாஸ்டர், ஆஸ்பத்திரியில மாமாவா?

— கல்யாணம் பேசி முடிச்ச அன்னிக்கே அப்படிக் கூப்பிட்டிருக்கணும். வாய் வரல.

— சரி, என்ன தப்பு?

— நாம துளை போட்ட வெந்நீர்க் கிணத்துல, அடியில தண்ணி எவ்வளவு அழுத்தத்துல இருக்கும்னு கணக்குப் போட்டேன்ல. அதாவது, கிணத்து வாயிலேர்ந்து ஆழத்தை மட்டும்தான் பார்த்தேன். பின்னாடி இருக்கிற மலையை விட்டுட்டேன்.

— பாருங்க, அவ்வளவு பெரிய மலையை!

— தரை தட்டைன்னு வச்சுக்கிட்டா கம்ப்யூட்டர் சீக்கிரம் முடிக்கும். மலைமேல பெய்யுற மழை உள்ள இறங்கி, மலைக்குள்ளயே உசரமா தேங்கி நிக்குது. அடிவாரத்துல ஓட்டை போட்டா அத்தனையும் சேர்ந்து தள்ளும். மாடித் தொட்டி நிரம்பியிருந்தா கீழ்வீட்டுக் குழாய் பீச்சுமே, அந்த மாதிரி. ஸ்கூல் பிள்ளைக்கே தெரியும்.

— அதுக்குத்தான் தண்ணியை அடக்க துளைக்குள்ள இன்னும் கனமான சேறு இறக்கணும்னு அன்னிக்கே சொன்னேன்.

— சொன்னீங்க. 'கணக்கு எனக்குத் தெரியும் மாஸ்டர், நீங்க துளையைப் பாருங்க'ன்னேன். பதினாறு பேர் முன்னாடி.

— பதினேழு. என் மக எனக்குச் சாப்பாடு எடுத்துட்டு வந்து நின்னா.

— தெரியும். அவ முகத்தைப் பார்க்கவே கூசுது மாமா. எல்லாத்தையும் அறிக்கையில எழுதியிருக்கேன். அவ படிக்கட்டும். கல்யாணம் வேணாம்னு சொன்னா, நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன்.

— ஆபீஸ்ல கொடுத்தாச்சா?

— இனிமேதான்.

— அப்ப அடியில இடம் இருக்கா பாருங்க. நான் சொல்றதையும் எழுதுங்க.

— உங்க மேல ஒரு தப்பும் இல்ல மாமா. கையைச் சுட்டுக்கிட்டதே, வெந்நீர் பீச்சி அடிச்சப்ப கடைசி நேரத்துல ஓடிப்போய் வால்வை மூடினதாலதான்.

— ஓடல தம்பி. பக்கத்துலயேதான் நின்னேன்.

— அதாவது?

— அடியில தண்ணி தள்ள ஆரம்பிச்சு, துளையிலேர்ந்து சேறு திரும்பி வர்ற தொட்டியில மட்டம் ஏறுறதை அஞ்சு நிமிஷம் முன்னாடியே பார்த்துட்டேன். அப்பவே மூடியிருந்தா ஒரு சொட்டு வெளிய வந்திருக்காது. உங்க கணக்கு பொய்னு என் மக தெரிஞ்சுக்கட்டும்னு, கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்த்தேன்.