ரயில் ஸ்டேஷனுக்கு வரட்டும்

பொம்மை ரயிலுக்கு முதல் எதிரி தூசிதான், மேடம். உங்கள் ஆட்கள் பூட்ஸ் காலோடு அந்த அறைக்குள் போய் வந்திருக்கிறார்கள். பரவாயில்லை, அவர்கள் வேலை அப்படி. யாராவது ஒரு மெல்லிய துணியால் தண்டவாளத்தைத் துடைத்துவிட்டால் போதும். ஈரத்துணி கூடாது.

கேட்டதற்கு வரிசையாகவே பதில் சொல்கிறேன். டீக்கு நன்றி.

நான் லிஃப்ட் மெக்கானிக். மீசை முளைக்கும் முன்பே உதவியாளாகச் சேர்ந்து, மீசை நரைத்த பிறகு வெளியே வந்தேன். இந்தக் கட்டடத்து லிஃப்ட்கூட நான் பார்த்த வண்டிதான். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். முதலில் கத்துவார்கள். அப்புறம் கதவைக் குத்துவார்கள். அப்புறம் திட்டுவார்கள். நான் கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் இங்கேயேதான் இருக்கேன். மெஷின் சரியாகட்டும், கதவு தானாத் திறந்துடும்" என்பேன். அடங்கிவிடுவார்கள். கதவு திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். பெரிய பெரிய அதிகாரிகள்கூட அழுதிருக்கிறார்கள். மாட்டிக்கொண்ட மனிதருக்கு வெளியே நிற்கிறவன்மேல் வரும் பாசம் இருக்கிறதே, அது பெற்ற பிள்ளைகளிடம்கூடக் கிடைக்காது.

ஓய்வு பெற்றதும் எனக்கு வீட்டில் எங்கே நிற்பதென்று தெரியவில்லை. பெரும்பாலும் சமையலறை வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பரண் சுத்தம் செய்ய வந்த ஆள் ஒரு தகரப் பெட்டியை இறக்கிவைத்த அன்று அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. பெட்டிக்குள் என் சின்ன வயது ரயில். ஒரு கறுப்பு எஞ்சின், நாலு பெட்டிகள், வட்டமாகச் சேர்க்கும் தண்டவாளம். அப்பா வாங்கித் தந்தது. அவர் போனதும் நான் வேலைக்குப் போனேன், ரயில் பெட்டிக்குள் போனது.

"ஏங்க, இதை எடுத்து ஓட்டுங்களேன். என் அடுப்பையே பார்த்துட்டு நிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள்.

ஆக, ஆரம்பித்து வைத்தது அவள்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மகள் கல்யாணமாகிப் போனதும் அவளுடைய அறை சும்மா கிடந்தது. அதுதான் ரயில் அறை ஆயிற்று. நாலு சுவரையும் ஒட்டி, மார்பு உயரத்துக்கு மேடை கட்டினேன். என் வீட்டுக்காரிக்குக் கழுத்து வரை வரும், குட்டை அவள். நடுவில் நாலு பேர் நிற்கிற அளவுக்கு இடம் விட்டேன். அங்கே நின்றால் ரயில் நம்மைச் சுற்றி ஓடும். மேடை அறையின் வாசலையும் கடந்தாக வேண்டுமே, அதனால் அந்த இடத்தில் மட்டும் கீல் வைத்துத் தூக்குகிற மாதிரி ஒரு பாலம். தூக்கினால் உள்ளே போகலாம், இறக்கினால் ரயில் ஓடும். ஸ்டேஷன் அந்த அறையில் இல்லை. சுவரில் துளை போட்டு, சுரங்கப்பாதை வழியாகத் தண்டவாளத்தை ஹாலுக்குக் கொண்டுவந்து அங்கே ஸ்டேஷனை வைத்தேன். ரயில் சுவருக்குள் நுழைந்து மறைந்து, இன்னோர் அறையில் வெளிப்படுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு.

அவளும் கூடவே உழைத்தாள். பாத்திரம் தேய்க்கிற பஞ்சை மிக்ஸியில் அரைத்துப் பச்சைச் சாயம் ஏற்றி மரங்கள் செய்தாள். பலகைகளில் வானம் வரைந்தாள். தூசி வரக்கூடாதென்று ஜன்னல்களை அடைத்து, அவற்றின்மேல் அந்த வானத்தைத்தான் அடித்தேன். நான் மேடைக்கடியில் ஒயர் இழுத்தபோதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி டார்ச் பிடித்தவளும் அவள்தான். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவள், குனியவோ ஏறவோ முடியாது. வாய் மட்டும் ஓயாது. போனில் மகளிடம் சொல்வாள்: "இத்தனை வருஷம் மேலயும் கீழயும் போய்ட்டிருந்த மனுஷன், இப்போ சுத்திச் சுத்தி வர்றார். முன்னேற்றம்தான்டி."

நானும் சிரிப்பேன். அது நல்ல காலம்.

ஒருநாள் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹாலில் போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும் என்று இவள் பாலத்தைத் தூக்கிவிட்டுப் போய்விட்டாள். எஞ்சின் வந்தது, பாலம் இல்லை, தரையில் விழுந்தது. அப்பா கொடுத்த எஞ்சின். புகைபோக்கி முறிந்துபோயிற்று. "மன்னிச்சிடுங்க, கவனிக்கலை" என்றாள். பரவாயில்லை என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன், எனக்குக் கோபமே வரவில்லை. மறுநாள் பாலத்துக்கு ஒரு தாழ்ப்பாள் வைத்தேன், அவ்வளவுதான்.

லிஃப்டின் முதல் விதி ஒன்று உண்டு. கூண்டு தளத்தில் வந்து நிற்காதவரை கதவு திறக்கக் கூடாது. கரண்ட் போனாலும் கூடாது, உள்ளே இருப்பவர் யாரானாலும் கூடாது. அதே விதிதான் இங்கேயும். ரயில் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கும்வரை பாலம் எழும்பாது.

"அப்போ உங்க ரயில் வராட்டி நான் உள்ளேயே கிடக்கணுமா?" என்று கேட்டாள்.

"ரயில் வராம எங்கே போகும்?" என்றேன்.

அப்புறம்தான் மகள் உண்டானாள். முதல் பிரசவம், உடம்பு கொஞ்சம் முடியவில்லை, அம்மா வந்தே ஆகவேண்டும் என்றாள். நியாயம்தான், நான் மறுக்கவில்லை. இவள் என்னையும் கூப்பிட்டாள். "ரயிலுக்கு லீவு விடுங்க. ஸ்டேஷன் மாஸ்டர் தாத்தா ஆகப்போறார்னு போர்டு எழுதி மாட்டிடலாம்" என்றாள். தண்டவாளத்துக்குப் புதிதாகப் போடும் கிளைப்பாதை வேலை பாதியில் நிற்கிறதே என்றேன். அவள் போனை எடுத்தாள். மகளிடம் பேசியது காதில் விழுந்தது. "நான் வந்தா இனி அங்கேயே இருந்துடறேன்டி. உங்கப்பா வந்தா வரட்டும், இல்லே அந்த எஞ்சினைக் கட்டிக்கிட்டு அழட்டும். சுவரைப் பார்த்துப் பேசி எனக்கு வாய் வலிக்குது."

பெண்கள் விளையாட்டாக இப்படிப் பேசுவது உண்டு. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் கிளம்புகிற அன்று காலையில் டாக்ஸி வந்தது. டாக்ஸிக்காரர் பெட்டியை எடுத்துப் பின்னால் வைத்தார். இவள் செருப்பு மாட்டப் போனபோது நான் கேட்டேன், கிளைப்பாதை முடிந்துவிட்டது, ஒரே ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போயேன் என்று. கடிகாரத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கைப்பையை ஹால் மேஜையிலேயே வைத்துவிட்டு, "சரி, ஒரே சுத்துதான்" என்று உள்ளே போய் நடுவில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாலத்தை இறக்கினேன். ஹாலுக்கு வந்து ரயிலை ஓட்டினேன். அழகாக ஓடிற்று. வெளியே ஹாரன் கேட்டது. நான் போய், அம்மா இன்றைக்குக் கிளம்பவில்லை என்று சொல்லி டாக்ஸியை அனுப்பிவிட்டேன். ஓடுகிற ரயிலைப் பாதியில் நிறுத்த எனக்கு மனம் வராது.

எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்கிறீர்கள். முடிவு என்று எதையும் நான் செய்யவில்லை, மேடம். ரயில் ஓடிக்கொண்டிருந்தது, பாலம் எழும்பவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மெத்தை இருந்தது, உண்மை. மேடைக்கடியில் ஒரு மெத்தை, தண்ணீர்க் கேன், மூடிபோட்ட வாளி, மறைப்புக்கு ஒரு திரை, அவளுடைய ரத்த அழுத்த மாத்திரைகள். அதற்கு முந்தின வாரமே வைத்துவிட்டேன். பாலத்துக்கடியில் குனிந்து நுழைய முடியாதபடி, பாலத்தோடு சேர்ந்து எழும்புகிற பலகை அடித்ததும் அப்போதுதான். எதையும் முன்யோசனையோடு செய்வது என் பழக்கம். ஒரு குடை எடுத்துப் போகிறவனை, மழையை வரவழைத்தவன் என்று சொல்வீர்களா?

அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சரக்குப் பெட்டியில் ரொட்டி, பழம், பிஸ்கட், மாத்திரை எல்லாம் வேளை தவறாமல் போயிற்று. ஸ்டேஷனுக்கு ஒரு சாண் முன்னாலேயே ரயிலை நிறுத்தித்தான் சரக்கேற்றுவேன். ஸ்டேஷனுக்குள் விட்டால் விதிப்படி பாலம் திறந்தாக வேண்டுமே.

முதலில் கத்தினாள். ஜன்னலும் கதவும் அடைத்த அறை, நடுவீட்டில். அப்புறம் பலகைகளைக் குத்தினாள். மேடை இரும்புச் சட்டத்தில் நிற்பது. ஒரு லிஃப்ட்காரன் தொய்வாக வேலை செய்யமாட்டான். அப்புறம் திட்டினாள், அதுவும் அதே வரிசைதான். நான் சுரங்கத் துளையில் வாயை வைத்து, "பயப்படாதே, நான் இங்கேயேதான் இருக்கேன். ரயில் ஸ்டேஷனுக்கு வரட்டும்" என்பேன். "எப்போங்க வரும்?" என்பாள். "வந்துட்டே இருக்கு" என்பேன். நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டு பல வருஷம் ஆயிற்று.

மகள் போனில் கூப்பிட்டாள். அம்மாவுக்குக் காய்ச்சல், தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை என்றேன். அதில் பாதி உண்மை. கத்திக் கத்தித் தொண்டை கட்டித்தான் இருந்தது. அப்புறம் மாப்பிள்ளை கூப்பிட்டு, பையன் பிறந்திருக்கிறான், தாயும் சேயும் நலம் என்றார். உடனே போய்த் துளை வழியாகச் சொன்னேன், "பேரன் பிறந்திருக்கான்" என்று. இந்தச் செய்தியை வேறு யார் சொல்லக் கேட்பதைவிடவும் நான் சொல்லக் கேட்பதுதானே முறை.  அதிலிருந்து அவள் கத்தவும் இல்லை, எதையும் கேட்கவும் இல்லை. பழகிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

நான் செய்த ஒரே தப்பு, அந்தப் பெட்டி. டாக்ஸியின் பின்பக்கம் வைத்த பெட்டியை இறக்கச் சொல்ல மறந்துவிட்டேன். முன்யோசனைக்காரனுக்கும் எங்கேயாவது சறுக்கும்.

டாக்ஸிக்காரர் வெளியூர்ச் சவாரி போய் வந்து, வண்டியைக் கழுவும்போதுதான் கவனித்தாராம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"மன்னிக்கணும் சார், அன்னிக்கு இது வண்டியிலேயே தங்கிடுச்சு. அம்மா இருக்காங்களா?"

"மறுநாளே ஊருக்குப் போயிட்டா."

"பெட்டி இல்லாமலா? என் நம்பர்தான் அவங்ககிட்ட இருக்கே, ஒரு போன் போட்டிருந்தா நானே ஓடி வந்திருப்பேனே."

அதற்குள் அவர் கண் ஸ்டேஷன்மேல் போய்விட்டது. ரயிலைப் பார்த்தால் எந்த ஆணும் கொஞ்சம் குழந்தையாகிவிடுவான். "அட, நம்ம வண்டியைவிட கண்டிஷனா இருக்கே. ஓடுமா சார்?" என்று கிட்டே வந்தார். மறுத்தால் நன்றாக இருக்காது. உள்ளே நின்றிருந்த ரயிலை இழுத்தேன். சுரங்கத்திலிருந்து எஞ்சின் வந்தது, பெட்டிகள் வந்தன, கடைசியில் சரக்குப் பெட்டி; வழக்கம்போல ஸ்டேஷனுக்கு ஒரு சாண் முன்னாலேயே நிறுத்தினேன். அதில் ஒரு மோதிரம். எங்கள் கல்யாண மோதிரம்.

"இதென்ன சார், சரக்கு தங்கமா இருக்கு?" என்று சிரித்தார்.

"பேரனுக்கு" என்றேன். எனக்கு அப்படித்தான் தோன்றிற்று. பேரனுக்குப் போடச் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று.

"கைக்குழந்தைக்குப் போடற சைஸா இது?" என்றவர் சிரிப்பை நிறுத்தினார். மேஜையில் இருந்த அவளுடைய கைப்பையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். பிறகு குனிந்து சுரங்கத்துக்குள் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. ரொம்ப மெதுவாக, ஒரே வார்த்தை.

"தம்பி."

அவர் என்னைத் தள்ளிவிட்டு அறைக்கதவைத் திறந்தார். "ரயில் இன்னும் ஸ்டேஷனுக்கு வரலை, பாலம் எழும்பாது" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பாலத்தின் அடியில் கையை விட்டு, ஒற்றை விரலால் தாழ்ப்பாளை இழுத்து, பாலத்தைத் தூக்கிவிட்டார். அவளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் அதே டாக்ஸியில்தான் ஏற்றினார். அவள் என் பக்கம் திரும்பவில்லை. பகல் வெளிச்சத்தில் கண் கூசியிருக்கும்.

உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னதைச் சொல்கிறீர்கள். தாழ்ப்பாளிலிருந்து கிளம்புகிற ஒயர் ஒரு முழம் போய், எதிலும் சேராமல், டேப் சுற்றிக் கிடக்கிறது என்கிறார். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ரயிலுக்கும் அந்தத் தாழ்ப்பாளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒயர் இழுத்த அன்றைக்கு அதற்கான ஸ்விட்ச் கையில் இல்லை, அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சேர்க்கவே இல்லை. அது கையால் போட்டு, கையால் எடுக்கிற சாதாரணத் தாழ்ப்பாள். உள்ளிருந்து எட்டாது. அன்று காலையில் போட்டதும் நான், ஒவ்வொரு நாளும் எடுக்காமல் விட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று, மேடம். அந்த ஒயரை நான் டேப் சுற்றி விட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தவள் அவள். "இன்னும் அந்த ஸ்விட்சை வாங்கலையா?" என்று அப்புறமும் கேலி செய்தவள். ரயில் வந்தாலும் வராவிட்டாலும் பாலம் என் கையில்தான் இருக்கிறது என்று முதல் நாளே அவளுக்குத் தெரியும். இருந்தும் அத்தனை நாளில் ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை. ரயில் எப்போ வரும் என்றுதான் கேட்டாள்.

போக இஷ்டமிருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா?