கட்டையின் லைஃப் ஜாக்கெட்

சாயங்காலம் மணி ஆறு ஐம்பது. ஏரிக்கரை ரோடு. நாலு கிலோமீட்டருக்கு ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. இடது பக்கம் தண்ணீர்... வலது பக்கம் பள்ளம். நடுவில் ஒரே ஒரு ஸ்கூட்டர்.

ஸ்கூட்டரில் போவது என் சிநேகிதர் ஒருவரின் சகலை. சிநேகிதர் பொய் சொல்ல மாட்டார். சொன்னாலும் பாதிதான் சொல்வார். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சகலைக்குப் படகு ஆய்வாளர் வேலை. ஏரியில் ஓடும் படகில் விளக்கு எரிகிறதா, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பார். ஒன்று குறைந்தாலும், "சீட்டைக் கிழிக்கட்டுமா?" என்பார். அபராதச் சீட்டு. அதனால் படகுத்துறையில் அவர் பெயரே சீட்டு. நீந்திப் போன வாத்தை நிறுத்தி, ஜாக்கெட் எங்கே என்று கேட்டவர் அவர். மாமனார் படகில் எழுந்து நின்று தூண்டில் போட்டார் என்று மாமனாருக்கே கிழித்தார். அன்றிலிருந்து வீட்டில் அவருடைய சாப்பாட்டுத் தட்டு மேஜையில் வைக்கப்படுவதில்லை. எறியப்படுகிறது. படகுத்துறையில் அவர் தலை தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். துப்புகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அதிலும் கட்டை என்று ஒரு படகுக்காரன். ஆள் குள்ளம், அதனால் கட்டை. அவனுக்கும் இவருக்கும் இருந்த உறவுக்கு எலியும் பூனையும் சம்பந்தி முறை ஆகும்.

பத்து நாளைக்கு முன்னால், சாயங்காலம் மணி ஆறு. கட்டை ஆட்களை இறக்கிவிட்டு, தனியாக எதிர்க்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். ரோந்துப் படகில் வந்த சீட்டு விசில் ஊதினார். ஒரு நீளம், இரண்டு குட்டை. அந்த ஏரியில் அது உத்தரவு. கேட்டால் இன்ஜினை அணைத்தே ஆகவேண்டும்.

அணைத்தான். அவன் போட்டிருந்த ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார் சீட்டு. நெஞ்சில் இருக்கும் பக்கிள் உடைந்திருந்தது.

"பக்கிள் எங்கடா?"

"கயிறு போட்டுக் கட்டியிருக்கேன் சார். மிச்சக் கயிறு கொஞ்சம் இருக்கு, உங்க வாய்க்கு வேணுமா?"

கிழிந்தது சீட்டு. குற்றம்: பழுதான ஜாக்கெட். பறிமுதல்: லைஃப் ஜாக்கெட், ஒன்று. கீழே கட்டையின் கட்டைவிரல் ரேகை. பழுதான பொருளைப் பிடுங்கி, அட்டை கட்டி, ஆபீஸ் ஆணியில் மாட்டவேண்டும் என்பது விதி. விதிப்படியே பிடுங்கினார்.

"காத்து ஏறுது சார். அது இல்லாம நான் எப்படிப் போறது?"

"கையில சீட்டு இருக்கில்ல? காட்டு, எவனும் புடிக்க மாட்டான். கெளம்பு."

சொன்னது போலவே எவனும் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் படகு கவிழ்ந்து மிதந்தது. ஆளைக் காணோம்.

நாளைக்குப் பத்து மணிக்கு மேலிடத்து விசாரணை. காற்று ஏறுகிற நேரத்தில், ஒருத்தன் உடம்பில் இருந்த ஒரே ஜாக்கெட்டை உருவிக்கொண்டு ஏரிக்குள் அனுப்பினார் என்று தெரிந்தால் வேலை போகும், பென்ஷன் போகும், கம்பி எண்ணவும் நேரும். அந்த அபராதச் சீட்டின் கார்பன் நகலைச் சகலை ஏற்கனவே எரித்தாயிற்று. (தின்றுவிட்டார் என்றுதான் நான் வழக்கமாகச் சொல்வேன்.) மிச்சம் அந்த ஜாக்கெட் மட்டும். அதைக் கொண்டுபோய் நடு ஏரியில் போட்டுவிட்டால்? கட்டையிடம் ஜாக்கெட் இருந்தது, திமிரில் போட்டுக்கொள்ளவில்லை என்று ஆகிவிடும். செத்தவன் எழுந்து வந்தா இல்லை என்று சொல்லப்போகிறான்?

கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொள்ளுங்கள். எனக்காக இல்லை.

ஸ்கூட்டரை நிறுத்தி, படகுத்துறை ஆபீஸைத் திறந்தார். டீசல் வாடை. நனைந்த கயிற்றின் வாடை. ஆணியில் ஜாக்கெட். பத்து நாளாகக் காய்ந்த சுவரில் தொங்குகிறது. தொட்டார்...

டப்.

சிமென்ட் தரையில் ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. கூரை ஒழுகுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மழை பெய்து ஒரு மாதம்.

ரோந்துப் படகை அவிழ்த்தார். யாரும் பார்க்கக் கூடாதே... விளக்குப் போடவில்லை. ஆறரைக்கு மேல் ஏரியில் படகு கூடாது, மணி ஏழு தாண்டிவிட்டது. அவசரத்தில் ஜாக்கெட்டில் கட்டின அட்டையையும் அவிழ்க்கவில்லை, தனக்கென்று ஒரு ஜாக்கெட்டும் எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஊரையே விரட்டின மூன்று விதி. மூன்றையும் ஒரே நேரத்தில் மீறிக்கொண்டு போகிறார், மடியில் செத்தவன் ஜாக்கெட்டோடு.

நடு ஏரிக்கு வந்துவிட்டார். பனி இறங்கியிருந்தது. நீட்டிய கை தெரியவில்லை, அவ்வளவு பனி. என் மூக்கே எனக்குத் தெரியவில்லை என்று சிநேகிதரிடம் சொன்னாராம்.

அப்போது கேட்டது.

ஒரு நீளம். இரண்டு குட்டை.

விசில் அவர் சட்டைப்பையில். தொட்டுப் பார்த்தார். இருக்கிறது. ஆனால் பழக்கதோஷம் பாருங்கள், கை தானாகப் போய் இன்ஜினை அணைத்துவிட்டது.

படகின் அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு... நின்றது. மறுபடி மூன்று தட்டு. தண்ணீர் எங்கேயாவது எண்ணித் தட்டுமா?

அப்புறம் பேச்சு. காலுக்குக் கீழே இருந்து. வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி.

"லைட்டு இல்ல சார்... நேரம் முடிஞ்சிடுச்சு சார்... ஜாக்கெட் போடல சார்..."

அவ்வளவு மரியாதை. உயிரோடு இருந்தவரை கட்டை அவரிடம் அப்படிப் பேசினதே கிடையாது.

"சீட்டைக் கிழிக்கட்டுமா சார்?"

சகலை ஜாக்கெட்டைத் தூக்கிக் குரல் வந்த பக்கம் எறிந்தார். விழுந்த சத்தம் வரவில்லை. டார்ச்சை அடித்தார்.

ஜாக்கெட் மிதக்கவில்லை. தண்ணீரில் நின்றது. தோள் புடைத்து, நெஞ்சு புடைத்து, ஒரு குள்ளமான ஆள் போட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. கழுத்துக்கு மேலே... பனி. நெஞ்சில் கட்டியிருந்த கயிறு மெதுவாக அவிழ்ந்து விழுந்தது. பக்கிள் பூட்டிக்கொண்டது.

டிக்.

உடைந்த பக்கிள் அது.

ஜாக்கெட் படகைப் பார்த்துத் திரும்பியது. டார்ச் அணைந்தது. அதற்கப்புறம் நடந்ததை அவர் இன்றுவரை சொல்லவில்லை. எனக்கும் கைவசம் நாலைந்து விதமாக இருக்கிறது. ஆனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் எதையும் சேர்ப்பதில்லை.

காலை பத்து மணி. விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். ரோந்துப் படகு கரையில் கட்டியிருந்தது. கட்டை மட்டுமே போடுகிற இரட்டை முடிச்சு. உள்ளே சகலை, நிமிர்ந்து, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். மூச்சு இருந்தது. உடம்பில் அந்த ஜாக்கெட். நெஞ்சின் மேல் அவரே எழுதிக் கட்டின அட்டை: பறிமுதல் செய்த தேதி, நேரம், கட்டையின் பெயர், அவர் கையெழுத்து. ஒளிக்கப் போனதை மாட்டிக்கொண்டு வந்து, அதிலேயே மாட்டிக்கொண்டார் மனுஷன்.

பக்கிளைத் திறக்க நாலு பேர் முயன்றார்கள். முடியவில்லை. கத்தியால் வாரை அறுத்துக் கழற்றினார்கள். கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தால்... பக்கிள் உடைந்துதான் இருந்தது.

வேலை அன்றைக்கே போனது. இருபத்திரண்டு வருஷம் ஊருக்குக் கிழித்தவருக்கு, இரண்டே நிமிஷத்தில் கிழிந்தது சீட்டு.

அவர் மடியில் அபராதப் புத்தகம் இருந்தது. மேல் தாளைக் காணோம். கார்பன் நகல் மட்டும். விளக்கு இல்லை, நேரம் தாண்டியது, ஜாக்கெட் இல்லை. மூன்று குற்றமும் அவர் கையெழுத்திலேயே. குற்றவாளி என்ற இடத்தில் அவர் கையெழுத்து. அதிகாரி என்ற இடத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, ஈரமாக. பறிமுதல் என்ற இடம் காலி.

அன்று மதியம் மூன்று மணிக்குக் கட்டை மேலே வந்தான். பத்து நாளைக்கு மேல் தண்ணீரில் ஊறின கட்டை. வலது கை மட்டும் இறுக்கி மூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் விரல் விரலாகப் பிரித்தார்கள். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள். அந்தக் காணாமல் போன மேல் தாள். முந்தின நாள் தேதி. ஒரு ஓரம்கூட நனையவில்லை.

பறிமுதல் என்ற இடம் அதில் காலியாக இல்லை.

"ஆள், ஒன்று."

எடுத்துக்கொள்ளும் தேதி மட்டும்... இன்னும் போடவில்லை.