ம் நிற்கும் இடம்

— ...கதவு மூடிடுச்சு. விண்கலத்துல மொத்தமே மூணு பேர்தான். மூணு பேரும் அசையாம நிக்கிறாங்க. ஆனா மூச்சு சத்தம் மட்டும் நாலு கேக்குது.

— ம்.

— அந்த நாலாவது மூச்சு... கேப்டன் காதுக்குப் பின்னாடி...

— ம்.

— இவ்வளவு சீக்கிரமா ம் கொட்டாத.

— கொட்டலன்னா கோபம். கொட்டினா சீக்கிரம்ங்கறீங்க. பட்டப்பகல்ல திரையெல்லாம் இழுத்துவிட்டு, கட்டின பொண்டாட்டியை இருட்டுல உக்கார வெச்சிட்டு...

— நாலாவது மூச்சுன்னதும் உனக்கு ம் நின்னிருக்கணும். என் படம் எல்லாமே அப்படித்தானே வந்துச்சு? நீ எந்த இடத்துல ம் கொட்ட மறக்கறியோ, அங்க காட்சி தேறிடுச்சுன்னு கணக்கு.

— இப்ப மறக்கல. பொய்யா நிறுத்தச் சொல்றீங்களா?

— வேண்டாம். சாயங்காலம் தயாரிப்பாளர் வந்துடுவார். கடைசி ரெண்டு படமும் ஊத்திக்கிச்சு. இதுவும் தேறலன்னா பேய்க்கதைக்கு என்னை ஒருத்தனும் கூப்பிட மாட்டான். மறுபடியும் விளம்பரத்துக்கு வசனம்தான். சோப்பு பேசற மாதிரி, பல்லு பாடற மாதிரி.

— பல்லு பாடினது நல்லாத்தான் இருந்துச்சு.

— வயித்தெரிச்சலைக் கிளப்பாத. கொஞ்சம் பயப்படேன்.

— பயம் என்ன குழாய்த் தண்ணியா, திறந்துவிட?

— லிஃப்ட் படத்துக்கு எப்படிப் பயந்த... லிஃப்ட் இல்லாத மாடியில போய் நிக்குதுன்னு சொன்னேன். ம் அப்படியே அறுந்துபோச்சு. தியேட்டர்ல ஜனங்க கத்தினதும் அதே இடத்துலதான்.

— லிஃப்ட் படமா...

— என்ன இழுக்கற?

— ஒண்ணும் இல்ல.

— சொல்லு.

— திட்டக் கூடாது... அந்தக் கதையை நான் முதல்ல கேட்டதே தியேட்டர்லதான்.

— விளையாடாத. இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்த.

— உக்காந்தேன். நீங்க விளக்கை அணைச்சதும் தூங்கிட்டேன். நாள் முழுக்க நின்னு வேலை பாத்தவளை இருட்டுல உக்கார வெச்சா வேற என்ன வரும்?

— அப்ப அந்த எந்திர நர்ஸ் படம்?

— அதுக்கு நடுவுலயே எழுந்து போயிட்டேன். அடுப்புல பால் வெச்சிருந்தேன்.

— அப்ப அந்த ம்...

— அடுப்படி வரைக்கும் கேட்டுது. உங்க குரல். நடுநடுவுல அந்த ம்.

— அப்பவே ஏன் சொல்லல?

— பயந்துதான் போனேன். ஆனா படம் ஓடுச்சு, வீடு நடந்துச்சு. வாயைத் திறந்தா எங்க உங்க எழுத்து நின்னுடுமோன்னு விட்டுட்டேன். ஏங்க, இவ்வளவு சொல்றேன். எழுந்து விளக்கைக்கூடப் போடாம இருக்கீங்க?

— உன் பிரசவத்துக்கு நீ உங்கம்மா வீட்டுல இருந்தியே... அப்பதான் என் முதல் கதை. கேக்க ஆளில்ல. விளக்கை அணைச்சிட்டு நானே சத்தமா சொல்லிப் பாத்தேன். இந்த மூலையில இருந்து ம் வந்துச்சு.

— அதை உங்க வாயால சொல்லட்டும்னுதான் இத்தனை வருஷமா இருந்தேன்.

— உனக்குத் தெரியுமா?

— பாலை இறக்கிட்டு வந்து கதவைத் திறந்தேன். என் காலி நாற்காலியைப் பாத்தபடியே நீங்க கதை சொல்லிட்டிருந்தீங்க.

— சொன்னா நீ குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடுவன்னு...

— நல்ல ஜோடி நாம.

— சிரிக்காத. அது இப்ப வர்றதில்ல. கடைசி ரெண்டு படத்துக்கும் வரல. இன்னிக்கும் உன் ம் மட்டும்தான். எங்க போச்சு அது?

— அப்ப எங்கயும் போகல.

— அப்படின்னா?

— அந்த ரெண்டு படத்துக்கும் முன்னாடி, ஒரு நாள் மத்தியானம் இங்கதான் துணி மடிச்சிட்டிருந்தேன். திரை மூடியிருந்துச்சு. மனசுல ஓடின ஒரு கதையைச் சும்மா வாய்விட்டுச் சொன்னேன். ம் கொட்டுச்சு.

— உனக்கா?

— மறுநாளும் கொட்டுச்சு, அதுக்கப்புறமும் கொட்டுச்சு. உங்களுக்குக் கொட்டினதைவிட ஆசையா கொட்டின மாதிரி இருந்துச்சுங்க.

— கிண்டல் பண்ற நேரமா இது?

— கிண்டல் இல்ல... போன வாரம் ஒரு கதையோட கடைசி இடத்தைச் சொன்னேன். டக்குனு நின்னுபோச்சு. கூப்பிட்டும் பாத்தேன், அப்புறம் வரவே இல்ல. அதுக்கே பயம் வந்துடுச்சுபோல.

— அதுக்கே பயமா... அப்படி என்ன கதை?

— ம் கொட்டுங்க, சொல்றேன்.

— ம்.

— பேய்ப்படம் எழுதற ஒருத்தர். அவர் சொல்ற கதைக்கு இருட்டுல ஏதோ ஒண்ணு ம் கொட்டுது.

— ம்.

— அவருக்கும் அது தெரியும், பொண்டாட்டிக்கும் தெரியும். ஆனா ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மூச்சு விடல.

— ம்.

— ஒரு நாள் அது அவரை விட்டுட்டு அவகிட்ட போயிடுது. அவருக்குத் தெரியாது. தொண்டை வறள வறள கதை சொல்லிட்டே இருக்கார். பாவம்னு பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து அவளே ம் கொட்டறா.

— ம்.

— அன்னிக்குச் சாயங்காலம் தயாரிப்பாளர் கதை கேக்க வர்றார். யாரோட கதையைக் கேக்க வர்றார்ங்கறதை மட்டும் அவ புருஷன்கிட்ட சொல்லல.

— ...

— ஏங்க... ம் நின்னுபோச்சு. அப்ப காட்சி தேறிடுச்சு.