டாக்டர் வீட்டுக்கு ஏற்ற ஸ்விட்ச்

வீட்டுக்கு நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதில் கேபிள் செருக எத்தனை ஓட்டை இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஓட்டையை விடுங்கள், உங்கள் வீட்டில் எது எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகமாகப் போக வேண்டும், அதைச் சொல்லுங்கள் என்பேன் நான். கடையில் என்னை எல்லோருக்கும் பிடிக்கும். தேவையில்லாததை யார் தலையிலும் கட்டியவன் இல்லை. ஒரே ஒருவரைத் தவிர.

எழுதிக்கொள்ள வசதியாகச் சொல்லிவிடுகிறேன், ஐயா. இது விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை. சாப்பாட்டு டப்பா அளவில் ஓர் இரும்புப் பெட்டி. வெளியிலிருந்து இணையம் வீட்டுக்குள் நுழைந்ததும் எந்த அறைக்கு எது போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது அதன் வேலை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கேபிளைச் செருகினால் போதும், தன் பாட்டுக்கு ஓடும். இன்னொன்று சொன்ன பேச்சைக் கேட்கும். இந்த அறைக்கு வேகமாக விடு, அந்த அறைக்கு மெதுவாக விடு என்று கட்டளை கொடுக்கலாம். பொருத்துகிறவன் நினைத்தால், தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே கொடுக்கலாம்.

அவர் கடைக்குள் வந்தபோது நான் முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியில் கேபிள் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். முகம் எனக்குத் தெரியாது. குரல் தெரியும்.

அதற்கு முந்தைய வருடம் என் மனைவிக்குத் தலைவலி வந்தது. சாதாரணமாகத் தலைவலி என்று படுக்கிறவள் இல்லை அவள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டாராம், வீட்டிலிருந்தே பார்ப்பாராம். பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. நாங்கள் சந்தோஷமாக வீடு திரும்பினோம். வழியில் எனக்கு ஒரு சட்டை வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அந்த வாரம் முடிவதற்குள் அடுப்படியில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. மூளையில் கசிவு ஸ்கேனிலேயே இருந்திருக்கிறது என்று பிறகு வேறொருவர் சொன்னார்.

அலைந்து திரிந்து அந்த டாக்டரின் எண்ணை வாங்கிப் பேசினேன். அவர் சொன்னது இது. "நாள் பூரா படம் பாக்கறோம்ங்க. ஒண்ணு ரெண்டு கண்ணுல படாம போகத்தான் செய்யும். எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரில பேசிக்கங்க." அப்படிப் பேசும்படி ஆஸ்பத்திரி வக்கீல்தான் சொல்லிக்கொடுத்திருந்தாராம். பின்னாளில் தெரிந்துகொண்டேன். தெரிந்ததால் எதுவும் மாறவில்லை.

அந்தக் குரல்தான் கடையில் கேட்டது. "தம்பி, வீட்டுல பெரிய பெரிய ஃபைல் ஓடணும். ஸ்பீடா ஓடுற மாதிரி ஒரு ஸ்விட்ச் வேணும்."

நான் திரும்பிச் சிரித்தேன். வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நல்ல வீடு. அதட்டல் இல்லாத வீடு. கீழே கூடத்து மூலையில் இணையம் வந்து சேர்கிறது. படங்கள் அங்கே ஒரு பெட்டியில் இறங்கி, மேல்மாடியில் அவர் அறைக்குப் போகின்றன. நடுவில் இருந்தது ஒரு பழைய ஸ்விட்ச், தொட்டால் கை சுடும். மாடிக்குப் போகும் கேபிளை எலி கடித்த இடத்தில் டேப் சுற்றி வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "இதைச் சரி பண்ணிக் குடுத்துடுங்க. இவர் இந்த ஸ்க்ரீனைப் பாத்துப் பாத்தே பாதியாயிட்டார்" என்றார்.

அவர் மாடியில் என்னை உட்காரவைத்துப் பேசினார். "செலவைப் பாக்காதீங்க தம்பி. போன வருஷம் ஒரு பொண்ணோட தலை ஸ்கேன். படம் வந்துக்கிட்டே இருக்கு, வந்துக்கிட்டே இருக்கு, சுத்துது. கடைசிப் படங்கள் வர்றதுக்குள்ள நான் ரிப்போர்ட்ட முடிச்சு அனுப்பிட்டேன். அவசரம். கசிவு அந்தக் கடைசிப் படங்கள்லதான் இருந்திருக்கு. பொண்ணு போயிட்டா. புருஷன் போன் பண்ணாரு. என்னமோ வாய்க்கு வந்ததைப் பேசி வெச்சுட்டேன். இனிமே எல்லாப் படமும் வராம கையெழுத்துப் போடறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்குத்தான் இது."

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கு எரிச்சலாக இருந்தது. வருந்துவதற்கு அவருக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? அவளுக்காக வருந்துகிறவன் நான் ஒருவன். அதில் இவர் வந்து பங்கு கேட்பது போல இருந்தது. அவள் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. பொண்ணு என்றுதான் சொன்னார்.

அந்த வீட்டுக்குச் சரியானது முதல் வகைப் பெட்டிதான். வேகமானதாக ஒன்றை வாங்கி, எலி கடித்த கேபிளை மாற்றிவிட்டால் போதும், வேலை முடிந்தது. நான் இரண்டாம் வகையைப் பரிந்துரைத்தேன். ஏதாவது கோளாறு என்றால் நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை, என் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வேன் என்றேன். அவர் நன்றி சொன்னார்.

பொருத்திய அன்று படங்கள் தண்ணீர் மாதிரி ஓடின. மனைவியை மாடிக்குக் கூப்பிட்டு, "இங்க வந்து பாரேன், தொட்டதும் வந்து நிக்குது" என்று காட்டினார். நான் கொஞ்ச காலம் அப்படியே விட்டேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் வழக்கம்.

பிறகு என் வீட்டிலிருந்தே வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்தேன். எல்லா நாளும் இல்லை. அவசர கேஸ்கள் அவரிடம் வருகிற சில சாயங்காலங்களில் மட்டும். கூப்பிடுவார். போவேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். "உங்களைக் கண்டா இதுக்குப் பயம் தம்பி" என்று சிரிப்பார். வெளியே லைன் கொடுக்கிறவர்கள் பக்கம்தான் கோளாறு என்று சொல்லிவைப்பேன். ரிப்போர்ட் தாமதமாவதாக ஆஸ்பத்திரியில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். பெயர் கெட வேண்டும். வேலை போக வேண்டும். நியாயமான ஆசைதான்.

ஒருநாள் அவர், "பேசாம ஆஸ்பத்திரிக்கே போய் உக்காந்து பாக்கட்டுமா? எனக்கு மனசே சரியில்ல" என்று கேட்டார். போயிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். "இன்னும் ஒரு வாரம் பாருங்க சார், நான் சரி பண்ணித் தர்றேன்" என்றேன். என் பேச்சை அவர் தட்டியதில்லை.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. சாயங்காலம், வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் வீட்டில் டீ போட்டு எடுத்துக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது.

"தம்பி, ஒரு அம்மாவுக்குத் திடீர்னு கை கால் இழுத்துக்கிச்சு. ஊசி போடலாமா வேணாமான்னு ஆஸ்பத்திரில என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. படம் வர மாட்டேங்குது. பாதி வந்திருக்கு. பாதிய வெச்சு நான் சொல்ல மாட்டேன். எதாவது பண்ணுங்க தம்பி."

"பாக்கறேன் சார், லைன்லயே இருங்க" என்றேன்.

திரையில் வேகத்தைத் திரும்பக் கூட்டும் கட்டளை திறந்துதான் இருந்தது. ஒரு விரலால் தட்ட வேண்டும், அவ்வளவுதான். போனில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அவருடைய மனைவி பின்னால் எதையோ கேட்பதும், அவர் "இரு, இரு" என்பதும் கேட்டது. நான் டீயைக் குடித்தேன். ஆறியிருந்தது. குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். பிறகு தட்டினேன். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

மூளை அடைப்பைக் கரைக்கும் அந்த ஊசியைப் போடுகிற நேரம் கடந்திருந்தது. அந்த அம்மா மறுநாள் இறந்தார். அந்த அம்மாமேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை, ஐயா. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டர் சாப்பாட்டை விட்டார். மாடி அறைக்குப் போவதையும் விட்டார். ஆஸ்பத்திரி விசாரணையில், தப்பு என்னுடையது, நேரில் போயிருக்க வேண்டும், போகவில்லை என்று தானாகவே சொன்னார். என் பெயரை எடுக்கவே இல்லை. தம்பி ராப்பகலாகப் பாடுபட்டார் என்று மட்டும் சொன்னாராம். நான் அடிக்கடி போய் அவரைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க மனசுக்குள் ஒரு நிம்மதி. என் வீட்டில் நானும் அப்படித்தான் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தேன். கூட ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

அதைக் கெடுத்தவர் இறந்த அம்மாவின் கணவர்.

பஸ் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையோடு நேராக டாக்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் கூடத்தில் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் எழுந்து நிற்கப் பார்த்தார். டிரைவர் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"உங்க வீட்டம்மா வந்து சொன்னாங்க, சாப்பிடறதில்லயாமே" என்றார். "நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? நானும் ரோட்டுல வண்டி ஓட்டுறவன் சார். ஒரு நொடி முன்ன பின்ன ஆனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். எம்பொண்டாட்டி யாரையும் கரிச்சுக் கொட்டிப் பழக்கமில்லாதவ. அவ பேரால சொல்றேன், உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. எழுந்து சாப்பிடுங்க."

இரண்டு பேரும் அழுதார்கள். டாக்டரின் மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவர் சாப்பிட்டார், ஐயா. என் கண் முன்னால், பிசைந்து பிசைந்து சாப்பிட்டார்.

அதன் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கே போய் வேலை பார்க்கிறார். எல்லாப் படத்தையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்கிறாராம். டிரைவர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பையும் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் அவருடைய மனைவி என்னிடம், "இப்பல்லாம் நல்லாத் தூங்கறார்ங்க. பழையபடி குறட்டை விடறார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று முதல் எனக்குத் தூக்கமில்லை.

யாரும் சந்தேகப்படாதபோது நீயாக ஏன் ஸ்டேஷனுக்கு வந்தாய் என்று முதலில் கேட்டீர்கள். மனசாட்சி என்று சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மா செத்தது கோளாறால் இல்லை, அவர் என் மனைவிக்குச் செய்ததால்தான். அது அவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் முறை. ஸ்விட்ச், மடிக்கணினி, எல்லாவற்றையும் கொண்டுவந்திருக்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள்.

ஒரே ஓர் உதவி. இதை அவரிடம் வாசித்துக்காட்டும்போது, அவர் நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிற ஒரு காலை நேரமாகப் பார்த்துப் போங்கள். முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொண்டீர்களே, என் மனைவியின் பெயர், அது வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள். மற்றபடி அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.