டோபியின் தோளில் இருந்த வெள்ளை

எங்கள் நாய்கள் தண்ணீரிலிருந்து ஏறி வந்தால் துவட்டிவிட வேண்டியதில்லை. ரோமத்தில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. ஓர் உதறல் போதும், நனைவதெல்லாம் சமையலறைச் சுவர்தான். நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், கான்ஸ்டபிள். நீங்கள் கேட்க வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நாயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீங்கள் கடலோரத்துக்காரர் இல்லை, எங்கள் வேட்டையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆள் நாணல் தட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குச்சி எறிவான். நாய் கரையோரம் அதைத் துரத்தும், கவ்வும், வாலை ஆட்டும், தட்டிக்குப் பின்னால் போய் மறுபடி வெளியே வரும். நடுத்தண்ணீரில் இருக்கும் காட்டு வாத்துகளுக்கு இந்தக் கூத்து என்னவென்று தெரிந்தாக வேண்டும், நீந்தி நீந்திக் கிட்டே வந்துவிடும். அப்போதுதான் ஆள் துப்பாக்கியோடு எழுந்து நிற்பான். அதுவரை என்ன நடந்தாலும் பேசக்கூடாது, அசையக்கூடாது. அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் நாயும் போகாது. எறியும் கை ஒன்றுக்குத்தான் அது கட்டுப்படும்.

இப்படிப்பட்ட நாயை வெளியூர்க்காரர்கள் தெருநாய்க் கலப்பு என்றார்கள். என் அப்பா அதைக் கேட்டுக் கேட்டே செத்தார். அதனால்தான் இதற்கு இன அந்தஸ்து வாங்குவதென்று நான் உட்கார்ந்தேன். உயரம், நிறம், வால், பல் என்று லட்சணம் எழுதினேன். வெள்ளை எங்கே இருக்கலாம் என்றும் எழுதினேன். நெற்றி, மார்பு, பாதம், வால்நுனி. தோளில் கூடாது. அந்த வசந்தத்தில் அந்தஸ்து கொடுக்கும் கமிட்டி வந்து எங்கள் படகுத்துறையின் நாய்களைப் பார்ப்பதாக இருந்தது. ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டால் என் ஆயுளில் மறுபடி வரமாட்டார்கள்.

என் தம்பி லெமுவேலின் நாய் டோபிக்குத் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை.

இந்தக் கரையில் டோபியைப் போல வாத்தை இழுக்கும் நாய் கிடையாது, அதை மறுக்க மாட்டேன். சங்கடமும் அதுதான். எல்லாருக்கும் அதன் குட்டிதான் வேண்டும். என் பெட்டை நாயே அதனோடு சேர்ந்துதான் குட்டி போட்டது. தோளில் வெள்ளையோடு பிறந்தவற்றை நான் சாக்கில் போட்டு வாய்க்காலில் விட்டேன். கண் திறக்காத குட்டிகள், ஒன்றும் தெரிந்திருக்காது. லெமுக்குத் தெரிந்தபோது மேசையில் இருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவன் மனைவி அடேல் அன்று உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து கோழி போட்டு வேகவைத்திருந்தாள்.

"ஏண்ணே, வாத்து என்ன உன் லட்சணத்தப் படிச்சுட்டா வருது? நாய் வேலை செய்யுதான்னு பாரு. தோளப் பாக்காத."

"கமிட்டி போற வரைக்கும் அத எங்கயாவது அனுப்பி வைடா," என்றேன்.

"அனுப்ப மாட்டேன். முதல் ஆளா அவங்க முன்னாடி அதத்தான் கொண்டு வந்து நிறுத்துவேன். உன் பேப்பரா என் நாயான்னு பாத்துடலாம்."

"அத்தான் பாவம்ங்க, சும்மா இருங்க," என்று அடேல் அவன் கையைப் பிடித்தாள். அவன் சிரித்தான். கோபத்திலும் சிரிக்கிறவன் அவன். எனக்கு அவன்மேல் எந்தக் காலத்திலும் பகை இருந்ததில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நாயைத் தீர்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிப்ரவரியில் அதைப் பிடித்து அக்கரையில் இருக்கும் என் வலைக் கொட்டகையில் கட்டினேன். துப்பாக்கியும் எடுத்துப் போனேன். அது என் கையை நக்கியது. என்னால் முடியவில்லை. நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. லெம் கரையெல்லாம் டோபி டோபி என்று கத்திக்கொண்டு அலைந்தான். தொண்டை கட்டிப்போயும் நிறுத்தவில்லை. நாயைக் கொன்றாலும் அவன் அதன் குட்டிகளில் ஒன்றைத் தேடிப் பிடித்து நிறுத்துவான் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

மறுநாள் பிற்பகல் டோபியை அக்கரை மணலில் விட்டுத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். குச்சி எறிந்தேன். செய்தது அவ்வளவுதான்.

எங்கள் ஆற்று வாயில் கடல் உள்வாங்கும்போது பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் மட்டம் இறங்கிவிடும். மேலே ஓடு மட்டும் நிற்கும், ஆற்றின் நடுவில் அது ஆளைத் தாங்காது. இங்கே பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். லெமுக்கும் தெரியும். அவன் இக்கரையில் நின்று கூப்பிட்டான். டோபி போகவில்லை, நன்றாகப் பழக்கிய நாய். லெம் ஓர் அடி வைத்தான், நின்றான், மறுபடி கூப்பிட்டான். நாய் துள்ளித் துள்ளி விளையாடியது, அத்தனை அழகு. அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

ஆற்றின் நடுவில் ஓடு உடைந்தது. பெரிய சத்தம் இல்லை.

குச்சி தானாகப் பறக்காது என்று அவனுக்குத் தெரியாதா? "அண்ணே, அங்கதான இருக்க? துடுப்ப நீட்டுண்ணே," என்றான். துடுப்பு என் முழங்காலருகேதான் கிடந்தது. தட்டிக்குப் பின்னால் இருப்பவன் பேசக்கூடாது, எழக்கூடாது. சிறு வயதில் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். கொஞ்ச நேரம் கூப்பிட்டான். கடைசியில் என்னைக் கூப்பிடவில்லை, அம்மாவைக் கூப்பிட்டான். அழுகை வந்தது எனக்கு. இப்போதும் வருகிறது.

டோபி யாரும் சொல்லாமலே தண்ணீரில் குதித்தது. அவனை இழுக்க அதற்குப் பலம் போதவில்லை. திரும்பி வந்து அவனுடைய கம்பளிக் கையுறையை என் கையில் வைத்தது. அடேல் பின்னியது. ஒரு பல்தடம்கூட இல்லை. மென்மையாகக் கவ்வ வேண்டும் என்பதும் லட்சணத்தில் உண்டு.

லெமை ஒரு கை வெறுமையாகக் கண்டெடுத்தார்கள். கையுறை கடலோடு போயிற்று என்றார்கள். நாய் தானாகத் திரும்பி வந்தது என்று நான் சொன்னேன். "அத்தான், நீங்களே அத வெச்சுக்குங்க, அது மூஞ்சிய என்னால பாக்க முடியல," என்றாள் அடேல். கமிட்டி வந்தது, டோபியைக் கொட்டகையில் பூட்டி வைத்தேன், அந்தஸ்து கிடைத்தது. முகத்தைப் பற்றி ஒரு வரி வேண்டும் என்றார்கள். நான் சொன்ன வரியை மாற்றாமல் எழுதிக்கொண்டார்கள். "வேலையில்லாத வேளையில் முகத்தில் லேசான சோகம் தெரியும், குச்சி பறந்ததும் மறைந்துவிடும்."

கையுறையை விறகுப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். எரித்திருக்கலாம்; அவனுடையது, மனம் வரவில்லை. இன்று காலை டோபி அதைத் தோண்டி எடுத்து, வயலைத் தாண்டி ஓடி, அடேலின் கையில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஜன்னல் வழியே பாருங்கள், அவள் வீட்டுப் படியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. லெம் போன நாளிலிருந்து நானும் தினமும் குச்சி எறிந்து பார்க்கிறேன். அது எழுவதில்லை. குச்சியைப் பார்க்காமல் என் கையைப் பார்க்கிறது. வயதாகிவிட்டது என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு நான்கு வயது. நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடாதீர்கள், கான்ஸ்டபிள். அந்த இனத்துக்கு முகமே அப்படித்தான்.